பங்கும் பணியும்: தஞ்சையில் துப்புரவுக் குழுவை நடத்தும் தொழில்

ஒரு நகரத்தின் துப்புரவுக் குழுவை மேற்பார்வையிடும் தொழிலை இரண்டு வினாக்களில் அடக்கிவிடலாம்: இந்த இடம் யார் பொறுப்பு, அவர் வராத நாளில் இதை யார் பார்ப்பது. துடைப்பம், வண்டி, சம்பளப் பட்டியல், புகார்ப் புத்தகம், மேலதிகாரிகளின் ஆய்வு என மேற்பார்வையாளரின் பொழுதை நிரப்பும் மற்றவையெல்லாம், இவ்விரண்டுக்கும் தெளிவான விடை இருந்தால் தாமாகவே ஒழுங்குக்கு வருகின்றன. விடை இல்லாவிட்டால் எத்தனை ஆட்களைக் கூடுதலாகத் தந்தாலும் குப்பை கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. காவிரிப் படுகையின் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த தஞ்சாவூரில் இத்தொழிலில் ஊறியவர்கள் கற்றவற்றைத் தொகுத்துரைக்கும் இக்கட்டுரை, அதே ஊரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கல்லில் வெட்டப்பட்ட ஒரு பணிப்பட்டியலிலிருந்து தொடங்குகிறது. அப்பட்டியல் இவ்விரு வினாக்களையும் எதிர்கொண்டு விடையும் எழுதிவைத்திருக்கிறது.

கல்லில் வெட்டிய வருகைப் பதிவேடு

முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த பெருவுடையார் கோயிலின், மக்கள் வழக்கில் பெரிய கோயிலின், திருச்சுற்று மதிலில் உள்ள நெடிய கல்வெட்டு ஒன்று, கோயிலுக்கென்று பல ஊர்களிலிருந்து கொண்டுவந்து குடியமர்த்தப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்களை வரிசையாகத் தருகிறது. தளி என்பது கோயில்; தளிச்சேரி என்பது கோயிற்பணியாளர் சேர்ந்து வாழ்ந்த குடியிருப்பு. ஆடற்கலை வரலாற்றை எழுதுவோர் அக்கல்வெட்டை ஆடல்மகளிரின் ஆவணமாகப் படிக்கின்றனர். துப்புரவு மேற்பார்வையாளர் ஒருவர் படித்தாலோ, அது எழுதப்பட்டிருக்கும் முறையே முதலில் கண்ணில் படும். ஒவ்வொருவருக்கும் எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு, அச்சிறகில் எத்தனையாவது வீடு, பெயர் என்ன, எந்தக் கோயிலிலிருந்து வந்தவர் என்ற விவரங்கள் மாறாத வரிசையில் தரப்பட்டுள்ளன. சிறகு என்பது தெருவின் ஒரு பக்கத்து வீட்டு வரிசை. ஆளைத் தேடிப்போகிறவர் தெருமுனையில் நின்று வீடுகளை எண்ணிக்கொண்டே நடந்தால் உரியவர் வாசலுக்கு வந்துசேரலாம் என்ற அளவுக்குத் துல்லியமான பதிவு அது.

ஆடல்மகளிரோடு அப்பட்டியல் முடிந்துவிடவில்லை. நட்டுவர், இசைப்போர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், கன்னார், தச்சர் என ஒரு பெருங்கோயிலின் அன்றாடத்தைத் தாங்கிய கைகள் பலவும் அதில் இடம்பெறுகின்றன. இவர்களுக்கான ஊதியம் பங்கு என்ற அலகால் அளக்கப்பட்டது. ஒரு பங்கு என்பது ஒரு வேலி நிலத்தின் விளைவாகக் கொள்ளப்பட்ட, ஆண்டுக்கு 100 கலம் நெல். அதை அளப்பதற்கு ஆடவல்லான் என்னும் மரக்கால் குறிக்கப்பட்டுள்ளது. யாருக்கு எத்தனை பங்கு, எந்த அளவையால் என்பதெல்லாம் ஊரறியக் கல்லில் நின்றதால், ஊதியத்தைப் பற்றிய வழக்குக்கு இடம் குறைந்திருக்கும். சம்பளப் பட்டியலைப் பெட்டியில் பூட்டிவைக்காமல் பணியாளர் பார்க்கும் சுவரில் ஒட்ட வேண்டும் என்ற எளிய நிர்வாக விதியின் மிகப் பழைய வடிவம் அது.

மேற்பார்வையாளரின் கவனத்துக்கு இன்னும் உரியது, அக்கல்வெட்டு கூறும் மாற்றாள் ஏற்பாடு. பங்கு பெறுவோரில் ஒருவர் இறந்துவிட்டாலோ வேற்றூர் சென்றுவிட்டாலோ, அவருடைய நெருங்கிய உறவினர் அந்தக் காணியைப் பெற்று அப்பணியைச் செய்ய வேண்டும். காணி என்பது இங்கே பணிக்கு உரிய நிலையான உரிமை. அந்த உறவினர் அப்பணிக்குத் தகுதியற்றவரானால், தகுதியுடைய வேறொருவரை அமர்த்திப் பணியைச் செய்வித்துத் தாம் பங்கைப் பெற்றுக்கொள்ளலாம். நெருங்கிய உறவினர் எவரும் இல்லையென்றால், அதே பணியிலுள்ள மற்றவர்கள் கூடித் தகுதியுள்ள ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஓர் இடமும் ஒருநாளும் ஆளின்றி வெறுமையாக இருக்கக் கூடாது என்ற கவலை இவ்விதிகளின் ஒவ்வொரு படியிலும் தெரிகிறது. இதே விதிகளில் நன்மையும் தீமையும் பின்னிக்கிடக்கின்றன என்பது கட்டுரையின் இறுதியில் விளங்கும்.

கோயிலைத் துப்புரவு செய்தலைப் பணிகளில் உயர்ந்ததாக மதித்த மரபும் இம்மண்ணுக்கு உண்டு. திருவலகு என்பது கோயிலைக் கூட்டும் துடைப்பத்தையும் அவ்வாறு கூட்டுதலையும், திருமெழுக்கு என்பது தரையைச் சாணத்தால் மெழுகுதலையும் குறிக்கும் சொற்கள். திலகவதியார் திருவதிகைக் கோயிலில் இவ்விரு பணிகளையும் செய்தார் என்பதும், அவர் தம்பி திருநாவுக்கரசர் கையில் உழவாரம் என்னும் புல்செதுக்கும் கருவியுடன் ஊர் ஊராகச் சென்றார் என்பதும் பெரியபுராணம் கூறும் வரலாறு. கோயிலுக்குள் துடைப்பம் பிடித்த கையை வணங்கிய சமூகமே தெருவில் துடைப்பம் பிடித்த கையைத் தீண்ட மறுத்தது என்ற முரண், இத்தொழிலுக்கு வருகிற எவரும் முதல்நாளே நேரில் காணும் ஒன்றாகும்.

இன்றைய அமைப்பும் அதன் சொற்களும்

தஞ்சாவூர் 1866இல் நகராட்சியாகி, 2014இல் மாநகராட்சியாக உயர்ந்தது. இன்று அது 51 வார்டுகளைக் கொண்டது. துப்புரவைப் பொறுத்தவரை மேலே மாநகர் நல அலுவலரும், அடுத்துச் சுகாதார அலுவலர்களும், அவர்களுக்குக் கீழே சுகாதார ஆய்வாளர்களும், களத்தில் மேற்பார்வையாளர்களும் பணியாற்றுவது தமிழ்நாட்டு மாநகராட்சிகளின் பொதுவான அமைப்பாகும். களத்தில் நிற்கும் மேற்பார்வையாளரைப் பழகிய வாய்கள் இன்றும் மேஸ்திரி என்றே அழைக்கின்றன. துப்புரவுப் பணியாளர் என்று வழங்கிவந்த பெயரை 2020இல் தமிழக அரசு தூய்மைப் பணியாளர் என மாற்றியது. நிரந்தரப் பணியாளர்களும், ஒப்பந்த நிறுவனங்கள் வழியாக வந்தவர்களும் ஒரே தெருவில் ஒரே வேலையை வேறு வேறு ஊதியத்துக்குச் செய்வது இன்றைய நிலை. இந்த வேறுபாட்டைப் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு இல்லை எனினும், அதனால் எழும் மனக்கசப்பை அன்றாடம் எதிர்கொள்ள வேண்டியவர் அவரே.

விடியலுக்கு முன் வார்டு அலுவலகத்தில் வருகை எடுப்பதை மஸ்டர் என்பர். மஸ்டர் என்பது வெறும் தலையெண்ணிக்கை என்று நினைப்பவர் நல்ல மேற்பார்வையாளர் ஆவதில்லை. கைரேகைக் கருவியோ முகப்பதிவுச் செயலியோ வந்திருப்பவரின் பெயரை மட்டும் பதிகிறது. நிற்கும் விதத்தையும், காலில் கட்டியிருக்கும் துணியையும், முந்தைய நாள் இருமியவர் இன்றும் இருமுவதையும் மேற்பார்வையாளரின் கண்தான் பதிய வேண்டும். அக்கா, அம்மா, அண்ணே என்று வயதறிந்து விளித்து, உடல்நிலையைக் கேட்டு, அன்று யாரைக் கனமான வண்டிக்கு அனுப்பலாம், யாரை நிழலுள்ள தெருவுக்கு அனுப்பலாம் என்று முடிவுசெய்வதற்கு அவருக்குக் கிடைப்பது பத்து நிமிட நேரமே. அந்தப் பத்து நிமிடம் தவறினால் அன்றைய நாள் முழுவதும் தவறுகிறது.

மஸ்டர் முடிந்ததும் ஆட்கள் தத்தம் பீட்டுக்குச் செல்கின்றனர். பீட் என்பது ஒருவரிடமோ இருவரிடமோ ஒப்படைக்கப்பட்ட தெருக்களின் தொகுதி. ஒருவருக்கு எவ்வளவு நீளம் தரலாம் என்பதற்கு மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நகரத் திடக்கழிவுக் கையேடு ஒரு வழிகாட்டுதலைத் தந்தது. மக்கள் நெருக்கம் மிகுந்த பகுதியில் ஒருவருக்கு 250 முதல் 350 மீட்டர் சாலை என்பது அதன் கணக்கு. காகிதத்தில் நேரான இக்கணக்கு தஞ்சையின் தெருக்களில் வளைந்துவிடுகிறது. கீழராஜவீதியின் 300 மீட்டரும், பழைய கோட்டைக் கொத்தளத்தை ஒட்டிய அலங்கத் தெருக்களின் 300 மீட்டரும், பூச்சந்தை கூடும் பூக்காரத் தெருவின் 300 மீட்டரும் ஒரே வேலையல்ல. பூக்காரத் தெருவில் துடைப்பம் தூசியைத் தள்ளுவதைவிட ஈரமான வாழைநாரையும் நசுங்கிய பூவையும் தரையிலிருந்து பெயர்ப்பதிலேயே பாதி நேரம் செல்கிறது. கீழவாசல் மீன் அங்காடியை ஒட்டிய தெருவில் கூட்டியபின் கழுவவும் வேண்டும். எனவே அனுபவமுள்ள மேற்பார்வையாளர் நீளத்தை அளப்பதை விட்டு, ஒரு தெரு எத்தனை வண்டி குப்பை தருகிறது, அதை எத்தனை நடையில் குப்பைச் சேர்ப்பிடத்துக்குக் கொண்டுபோகலாம் என்று நடையால் அளக்கிறார்.

இடத்தை ஒப்படைத்தல்

பீட்டை நிலையாக ஒருவரிடமே விட்டுவைப்பதா, முறைவைத்து மாற்றுவதா என்பது இத்தொழிலின் தீராத விவாதம். மாற்றுவதே நியாயம் என்று முதலில் தோன்றும். ஊர் ஒன்றில், பாரபட்சப் புகாருக்கு அஞ்சிய புதிய மேற்பார்வையாளர் ஒருவர் எல்லாப் பீட்டுகளையும் வாரந்தோறும் சுழற்றினார். சாலைகள் வழக்கம்போல் கூட்டப்பட்டன. வருகைப் பதிவேட்டில் ஒரு குறையும் இல்லை. ஆயினும் இரண்டு மாதத்தில் மின்மாற்றியின் பின்புறம், பால்சாவடியின் பக்கவாட்டுச் சந்து, பள்ளிக்கூடச் சுவரின் மூலை என்று ஓரங்களில் குவியல்கள் முளைத்தன. அவ்விடங்களை அடுத்த வாரம் வேறொருவர் பார்க்கப்போகிறார் என்ற எண்ணம் ஒவ்வொருவரிடமும் இருந்ததுதான் காரணம். முந்தைய ஏற்பாட்டில் அதே மின்மாற்றியின் பின்புறத்தை ஒரு வயதான அம்மா நாள்தோறும் எட்டிப் பார்த்துவந்தார். அங்கே குப்பை போடும் வீடு எது என்பது அவருக்குத் தெரியும். காலையில் அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு வார்த்தை சொல்லவும் அவருக்கு உரிமை இருந்தது. சுழற்சி முறை அந்த உரிமையை எடுத்துவிட்டது. இப்படி இழந்தது என்ன என்பது எந்தப் பதிவேட்டிலும் வராததால், பிழையைக் கண்டுபிடிக்கவே பல வாரங்கள் ஆயின.

தெருவை அறிதல் என்பது துப்புரவுப் பணியில் ஒரு திறமை. எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, எங்கே நாய் கடிக்கும், எந்தச் சாக்கடை மூடியின் கல் உடைந்து ஆடுகிறது, எந்தக் கடைக்காரர் உடைந்த கண்ணாடியைப் பையில் கட்டாமல் வீசுவார் என்பவற்றை ஒருவர் அறிந்துகொள்ள ஓராண்டு பிடிக்கிறது. வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வாங்குவதும் இந்த அறிமுகத்தையே நம்பியிருக்கிறது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், மக்கும் கழிவு, மக்காத உலர்கழிவு, வீட்டு அபாயக் கழிவு என மூன்றாகப் பிரித்துத் தருமாறு குடும்பங்களைப் பணித்தன. ஆனால் பழகிய முகம் ஒன்று வாசலில் நின்று கேட்கும் தெருவில்தான் பிரித்துத் தரும் பழக்கம் படிகிறது.

இதனால் எல்லாப் பீட்டுகளையும் நிலையாக்கிவிடலாம் என்பதும் தவறாகும். மீன் அங்காடி, பொதுக் கழிப்பறை, பேருந்து நிலையத்தின் பின்புறம் போன்ற கடின இடங்களை ஒருவரிடமே நிரந்தரமாக விட்டால், அவை எதிர்த்துப் பேசாதவரிடமே போய்ச்சேரும். பெரும்பாலும் அவர் கணவரை இழந்த பெண்ணாகவோ புதிதாக வந்த ஒப்பந்தப் பணியாளராகவோ இருப்பார். அதனால் குடியிருப்புத் தெருக்களை நிலையாகவும், கடின இடங்களை எழுதிவைத்த முறைப்படி சுழற்றியும் தருவதே நடைமுறையில் நிலைத்த ஏற்பாடு. அந்த முறைப்பட்டியல் மேற்பார்வையாளரின் சட்டைப்பையில் இருக்கக் கூடாது. தளிச்சேரிப் பட்டியலைப்போல் எல்லோரும் படிக்கும் சுவரில் இருக்க வேண்டும்.

பதில் ஆள் என்பது இந்த ஏற்பாட்டின் மறுபாதி. விடுப்பில் செல்பவரின் இடத்துக்குத் தற்செயலாகக் கையில் அகப்பட்டவரை அனுப்புவதே பல வார்டுகளின் வழக்கம். அவ்வாறு அனுப்பப்பட்டவருக்குத் தெருவும் தெரியாது, உடைந்த மூடியும் தெரியாது. துப்புரவுப் பணியில் காலில் கண்ணாடி ஏறுவதும் மூடி புரண்டு விழுவதும் இப்படிப்பட்ட நாட்களில்தான் மிகுதி. ஒவ்வொரு பீட்டுக்கும் முன்கூட்டியே ஒரு பதில் ஆளைக் குறித்து, அவரை ஆண்டில் சிலநாள் உரியவரோடு சேர்த்து அதே பீட்டில் நடக்கவிட்டால், இழப்பாகத் தோன்றும் அந்தச் சிலநாள் வேலை பல விபத்துகளைத் தடுத்துவிடுகிறது.

துடைப்பத்தின் ஆயுள்

கருவிகளில் விலை குறைந்ததும் அதிகம் புறக்கணிக்கப்படுவதும் துடைப்பமே. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னந்தோப்புகளின் ஈர்க்கில் கட்டிய துடைப்பத்தை நீண்ட மூங்கில் கம்பில் செருகிச் சாலை கூட்டப் பயன்படுத்துகின்றனர். புதுத் துடைப்பத்தின் நுனி மெலிந்து வளைந்திருப்பதால் அது தூசியைத் தடவிச் செல்லுமே தவிர மண்ணை நகர்த்தாது. சிலநாள் உழைத்து நுனி ஒடிந்து ஈர்க்கு விறைத்த பிறகே அது சாலைக்குச் சரியாகிறது. பின்னர் தேய்ந்து குட்டையாகும்போது கூட்டுபவரின் முதுகு ஒவ்வொரு விரற்கடைக்கும் கூடுதலாக வளைகிறது. அந்நிலையில் கம்பைக் கழற்றி, சாக்கடை ஓரத்தின் பாசியையும் படித்துறைக் கல்லின் இடுக்கையும் தேய்ப்பதற்கு அதை ஒதுக்கிவிட்டு, சாலைக்குப் புதியது தர வேண்டும். சிக்கனம் கருதித் தேய்ந்த துடைப்பத்தையே சாலையில் ஓட்டுகிற அலுவலகம், மிச்சம்பிடித்த பணத்தைப் பணியாளரின் முதுகெலும்பிலிருந்து எடுக்கிறது என்றே சொல்ல வேண்டும்.

கருவியும் முறையும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. 1959இல் தொடங்கிய தஞ்சை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை போன்ற இடங்களில் துப்புரவின் முதல் விதி வரிசை பற்றியது: தூய்மையான பகுதியிலிருந்து அழுக்கான பகுதிக்கும், மேலிருந்து கீழுக்கும் செல்ல வேண்டுமேயன்றித் திரும்பி வரக் கூடாது, ஒரு வார்டில் தேய்த்த துணி மற்றொன்றுக்குள் நுழையக் கூடாது. 2016ஆம் ஆண்டின் உயிர்மருத்துவக் கழிவு விதிகள் மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு நிறங்களாகக் கழிவைப் பிரிக்கச் சொல்வதோடு, பதப்படுத்தாத கழிவைப் பொதுவாக 48 மணிநேரத்துக்குமேல் வைத்திருக்கவும் தடைவிதிக்கின்றன. அங்கே ஓர் ஊசி தவறான பையில் விழுந்தால் அது அப்பையைத் தூக்குபவரின் கையில் ஏறும் என்பதால், நிறங்களைக் கற்பிப்பது பணியாளரின் உயிரைக் காக்கும் கல்வியாகிறது.

பெரிய கோயில் வளாகத்திலோ எச்சரிக்கை வேறு திசையில் அமைகிறது. இந்தியத் தொல்லியல் துறையின் காப்பிலுள்ள, 1987இல் உலகப் பாரம்பரியச் சின்னமான அக்கோயிலின் அதிட்டானமெங்கும், அதாவது அடித்தளத்தின் படைகளெங்கும், எழுத்துகள் ஓடுகின்றன. விளக்கெண்ணெயின் கறையையும் திருநீற்றுப் படிவையும் கண்டு பொறுக்காமல் அமிலமோ கம்பித்தேய்ப்பானோ எடுக்கிற கை, அழுக்கோடு எழுத்தையும் அழித்துவிடும். தமிழகக் கோயில்கள் பலவற்றில் திருப்பணியின்போது மணலைப் பீய்ச்சிக் கல்லைத் துப்புரவு செய்த முறை இப்படித்தான் சிற்பங்களின் கூர்மையைத் தேய்த்தது. எங்கே துடைக்கக் கூடாது என்பதைச் சொல்லித்தருவதும் மேற்பார்வையின் பகுதியே என்பதை அந்தக் கற்கள் உணர்த்துகின்றன.

ஆற்றின் நாட்காட்டி

படுகை ஊரில் துப்புரவுப் பணி, நாட்காட்டியைப் பார்த்து நடப்பது. மேட்டூர் அணை பாசனத்துக்குத் திறக்கப்படும் மரபான நாள் ஜூன் 12. அதைத் தொடர்ந்து சில நாட்களில் கல்லணையும் திறக்கப்படுகிறது. 1934இல் பாசனத்துக்கு வந்த கல்லணைக் கால்வாய், மக்கள் வழக்கில் புதுஆறு, தஞ்சை நகரின் நடுவே பெரிய கோயிலை ஒட்டி ஓடுகிறது. கோடையில் வறண்டு கிடக்கும் அதன் மடியில் வீசப்பட்ட பைகளும் மெத்தைகளும், தண்ணீர் வந்த முதல்நாளிலேயே எழுந்து மிதந்து, பாலங்களின் கண்களிலும் மதகுகளிலும் அடைத்துக்கொள்கின்றன. நீர் வருமுன் அவற்றை எடுத்தால் அது மண்வெட்டி வேலை. வந்தபின் எடுத்தால் இடுப்பளவு நீரில் நின்று செய்யும் ஆபத்தான வேலை. எனவே மே மாதக் கடைசி என்பது ஒரு கெடு. ஆனால் கால்வாய் நீர்வளத் துறைக்கும், கரைச்சாலை வேறு துறைக்கும், கரையோரத் தெரு மாநகராட்சிக்கும் உரியவை. மூன்று எல்லைகள் சந்திக்கும் சரிவு எவருடைய பட்டியலிலும் இல்லாமல் போகிறது. கட்டுரையின் தொடக்கத்தில் கூறிய முதல் வினா கடுமையாகச் சோதிக்கப்படும் இடம் அதுவே. அச்சரிவை யாராவது ஒருவரின் பீட்டில் பெயர்போட்டுச் சேர்க்காமல் அது தூய்மையானதில்லை.

குறுவை நடவும், சம்பா, தாளடி நடவும் உச்சத்தில் இருக்கும் வாரங்களில் சுற்றுக் கிராமங்களிலிருந்து வரும் ஒப்பந்தப் பணியாளர் சிலர் வயலுக்குச் சென்றுவிடுவதுண்டு. அவர்களை ஆப்சென்ட் என்று சிவப்பு மையில் எழுதித் தண்டிக்கிற மேற்பார்வையாளர், அடுத்த ஆண்டும் அதே வாரத்தில் அதே சிக்கலைச் சந்திக்கிறார். நடவு வருவதை முன்பே கேட்டறிந்து, செல்வோரையும் பதில் ஆட்களையும் வகைப்படுத்திக்கொள்பவருக்கு அது சிக்கலாகவே வருவதில்லை. வார்டு அலுவலகச் சுவரில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் முகூர்த்த நாட்களைக் குறித்துவைப்பதும் இதே வகைப்பட்டது. திருமணங்கள் இல்லாத ஆடியில் மண்டபங்கள் உள்ள தெருக்களிலிருந்து ஆட்களை விடுவிக்கலாம். ஆவணி பிறந்ததும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் மறுகாலை எச்சில் இலைகள் வண்டி வண்டியாக வரும். பிரதோஷ நாளில் பெரிய கோயிலின் நந்தியைச் சுற்றிக் கூடும் கூட்டம், அன்றைய மாலைக் குழுவின் அளவை முடிவுசெய்கிறது.

ஆடிப்பெருக்கின் மறுநாள் திருவையாற்றுப் புஷ்யமண்டபப் படித்துறையைத் துப்புரவு செய்வதைப் பார்த்தால் இப்பணியின் நுட்பம் விளங்கும். புதுமணத் தம்பதியர் விட்டுச்சென்ற மாலைகள் கனமாக இருப்பதால் எளிதில் வாரலாம். காவிரித்தாய்க்குப் படைத்த காதோலை கருகமணிதான் கடினம். மிளகளவான அந்தக் கறுப்பு மணிகள் கருங்கற்களின் இடுக்கில் உருண்டு சென்று, ஈர மஞ்சள்பொடியில் ஒட்டிக்கொள்கின்றன. துடைப்பம் அவற்றின்மேல் சறுக்கிச் செல்கிறது. நீரைப் பீய்ச்சினால் ஆற்றுக்குள் போகின்றன. கம்பு கழற்றிய குட்டைத் துடைப்பத்துடன் படியில் உட்கார்ந்து, மேற்படியிலிருந்து ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கி, இடுக்கை வழித்து முறத்தில் ஏந்துவதே வழி. நின்று கூட்டிப் பழகிய குழுவை உட்காரவைத்து வேலைவாங்க இரட்டிப்பு நேரம் தர வேண்டும் என்பதை அறியாத மேற்பார்வையாளர், படித்துறை முடியவில்லை என்று குழுவைக் கடிந்துகொள்வார்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் வடிகால்களைத் தூர்வாருவதில் வேறொரு பிழை திரும்பத் திரும்ப நிகழ்கிறது. வடிகாலிலிருந்து எடுத்த சேற்றை உடனே ஏற்றினால் வண்டியெங்கும் ஒழுகும். ஆகவே கரையில் ஒருநாள் போட்டு நீர் வடியவிடுவர். எடுக்கும் குழு ஒன்றாகவும் ஏற்றும் குழு வேறாகவும் இருந்து, இடையில் ஒரு மழை பெய்துவிட்டால், எடுத்த சேறு முழுவதும் மீண்டும் வடிகாலுக்கே திரும்பும். பதிவேட்டிலோ தூர்வாரியதாகவே இருக்கும். சேறு வண்டியேறிய பிறகே அந்த வேலை முடிந்ததாக எழுதுவது என்று ஒரே ஒரு விதியை மாற்றினால் இந்தப் பிழை மறைகிறது. 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலுக்குப்பின் படுகை மாவட்டங்களில் தெருக்களை மூடிக் கிடந்த மரங்களையும் ஓலைகளையும் அகற்றப் பிற ஊர்களின் பணியாளர்களும் வந்தபோதும் இதே பாடம் பெரிய அளவில் தெரிந்தது; வெட்டும் கைகள் எத்தனை இருந்தாலும் அள்ளிச் செல்லும் வண்டியின் வேகமே வேலையின் வேகம்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் கும்பகோணம் மகாமகம் இத்தொழிலின் பெருந்தேர்வு. 2016 பிப்ரவரி 22 அன்று நடந்த மகாமகத்துக்குப் பல நகராட்சிகளின் பணியாளர்கள் கும்பகோணத்துக்கு அனுப்பப்பட்டனர். ஊர் அறியாத பெருங்குழுவைப் பகல், இரவு என முறைபோட்டு நடத்தும்போது, வெளியூர்க்காரர்களின் ஒவ்வொரு சிறுகுழுவோடும் உள்ளூர்ப் பணியாளர் ஒருவரைச் சேர்ப்பதே முதன்மையானது. தண்ணீர்க் குழாய், சேர்ப்பிடம், வண்டி திரும்பும் சந்து, பணியாளர் உண்டு படுக்கும் இடம் ஆகியவற்றை அவர்தான் காட்டுவார். பிறர் விட்டுச்சென்றதை அள்ள வந்தவர்கள் தாம் குளிக்கவும் கழிக்கவும் இடமின்றித் தவித்தால் அந்த ஏற்பாடு எவ்வளவு நேர்த்தியாக வரையப்பட்டிருந்தாலும் தோல்விதான். 2028இல் அடுத்த மகாமகம் வருகிறது.

ஒப்படைக்கக் கூடாதவை

மேற்பார்வையாளர் எவரிடமும் ஒப்படைக்கக் கூடாத வேலைகளும் உண்டு. மனிதக் கழிவை மனிதர் கையால் அகற்றும் முறையைத் தடைசெய்து மறுவாழ்வு வழங்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புக் கருவிகளின்றிக் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் பாதாளச் சாக்கடைக்குள்ளும் ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியுள்ளது. அங்கே இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தர வேண்டிய இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சம் ரூபாயாக விதித்து, 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. ஒரு தெருவில் கழிவுநீர் வழிந்தோடும்போது, இயந்திரம் வரும்வரை பொறுக்க மாட்டாத குடியிருப்போர் பணியாளரின் கையில் பணத்தை வைத்து இறங்கச் சொல்வதுண்டு. அந்நேரத்தில் மேற்பார்வையாளர் அங்கே நின்று மறுப்பது அவருடைய கடமைகளில் முதலாவது. மற்ற எந்த வேலையும் ஒருநாள் தள்ளிப்போகலாம்.

கல்வெட்டின் மாற்றாள் விதியில் பின்னிக்கிடக்கும் தீமையும் இங்கேதான் வெளிப்படுகிறது. பணி காணியாகி உறவினருக்கு இறங்கும்போது இடம் வெறுமையாகாது என்பது நன்மை. தலைமுறைகள் அப்பணியிலேயே கட்டுண்டு போகலாம் என்பது தீமை. தமிழ்நாட்டில் துடைப்பம் பெரும்பாலும் தலித் சமூகத்தினர் கையிலேயே, அவர்களுள்ளும் பல மாவட்டங்களில் அருந்ததியர் கையிலேயே, பிறப்பால் வந்துசேர்ந்தது. இன்று நிரந்தரப் பணியாளர் பணிக்காலத்தில் இறந்தால் கருணை அடிப்படை நியமனம் என்ற பெயரில் வாரிசு ஒருவருக்கு அரசுப்பணி கிடைக்க வழி உண்டு. ஒப்பந்தப் பணியாளரின் குடும்பத்துக்கு அந்த வழியும் இல்லை. துயர வீட்டில், தந்தையின் இடம் தந்தையின் துடைப்பம்தான் என்று எண்ணி, படித்த மகளும் அதே பணிக்கு மனு எழுதிவிடுவது நேர்கிறது. வாரிசின் கல்வித்தகுதிக்கு ஏற்ற வேறு பணியையும் கேட்கலாம் என்பதை அந்த வீட்டுக்கு எடுத்துச் சொல்லக்கூடிய அரசு மனிதர், பெரும்பாலும் இறுதிச்சடங்குக்கு வந்து நிற்கும் மேற்பார்வையாளர் ஒருவரே.

பெரிய கோயில் கல்வெட்டைக் கூர்ந்து படித்தால் வாரிசு வேறு பணிக்குச் செல்வதற்கான இடமும் அதிலேயே இருக்கிறது. உறவினர் அப்பணிக்கு ஏற்றவரல்லர் எனில் வேறொருவர் பணி செய்ய, பங்கு மட்டும் உறவினருக்கு இறங்கலாம் என்று விதித்ததன் வழியாக, பிழைப்புக்கான உரிமையும் கையால் செய்யும் வேலையும் ஒன்றல்ல என்பதை அது ஒப்புக்கொண்டுவிட்டது. பீட்டுப் பட்டியலில் பதில் ஆள் என்ற கட்டத்தை நிரப்பும் மேற்பார்வையாளர், ஓர் இடம் ஒருநாளும் ஆளின்றிப் போகாமல் பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்; அந்தக் கட்டத்தில், இருக்கும் பணியாளரின் மகன் பெயரையோ மகள் பெயரையோ எழுதுவதற்கு முன் அப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்கவும் கடமைப்பட்டவர்.